‘ட்ரீட்மென்ட் நல்லாத்தான் இருக்கு’: சுகர் நோயாளிகளின் திருப்திக் கணக்கைப் படிப்பது எப்படி?

உங்கள் வீட்டில் சுகர் இருக்கும் ஒருவரிடம், அப்பாவோ பெரியம்மாவோ, "ட்ரீட்மென்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் இருக்கு, அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கையோடு கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். ஹெச்பிஏ1சி என்ற வரியில் 8.9 என்றோ 9.4 என்றோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கடந்த மூன்று மாதங்களாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதைச் சொல்லும் எண் அது. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான இலக்கு.

மருத்துவமனை இணையதளங்களிலும் சுகர் ஆப் விளம்பரங்களிலும் "எங்கள் நோயாளிகளில் 95% பேர் திருப்தி" என்ற மாதிரி வரிகளை அடிக்கடி பார்க்கிறீர்கள். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, யாரிடம் கேட்டு வந்தது என்று தெரியாமல் அதை நம்பிப் பணம் கட்டுவது சரியல்ல. அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கட்டுப்பாட்டின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வு, இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய தரவு. 2008 முதல் 2020 வரை, எல்லா மாநிலங்களையும் சில யூனியன் பிரதேசங்களையும் சுற்றி 1,13,043 பேரைச் சந்தித்தார்கள். 2023-ல் வெளியான அதன் முடிவுப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி பேர். வயது வந்தோரில் 11.4%. அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது ப்ரீ-டயாபடீஸில், இன்னும் 13.6 கோடி பேர்.

இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு முடிவு 2022-ல் அதே ஆய்விலிருந்து வந்தது. தங்களுக்குச் சுகர் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே வைத்திருந்தவர்கள் 36.3%. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 48.8%. கெட்ட கொழுப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 41.5%. மூன்றும் சரியாக இருந்தவர்கள் 7.7%. நூறு பேரில் எட்டுப் பேர் கூட இல்லை.

மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போட இந்த மூன்றும் சேர்ந்து கட்டுக்குள் இருக்க வேண்டும். "சுகர் மட்டும்தானே, பாத்துக்கலாம்" என்பது பாதி சிகிச்சைதான்.

ஆக, ஒரு பக்கம் மூன்றில் இரண்டு பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை. இன்னொரு பக்கம் எல்லோரும் திருப்தி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

சுகர் வலிக்காது

முதல் காரணம் நோயின் இயல்பு. பல் வலிக்கு டாக்டரிடம் போனால், வலி போயிற்றா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடும். சர்க்கரை அப்படியல்ல. ரத்தத்தில் 220 இருக்கும்போதும் பலர் வேலைக்குப் போவார்கள், கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எதுவும் தெரியாது. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் பாத நரம்புகளிலும் சேதம் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை உடம்பை வைத்து நோயாளியால் மதிப்பிட முடியாது. அதனால் தன் கண்ணுக்குத் தெரிவதை வைத்து மதிப்பிடுகிறார். டாக்டர் சிரித்துப் பேசினாரா, எவ்வளவு நேரம் காத்திருந்தோம், மாத்திரை எத்தனை, வயிற்றைக் கலக்கியதா, எவ்வளவு செலவானது. இவை அற்பமானவை என்று சொல்லவில்லை. ஹெச்பிஏ1சி-யிலிருந்து வேறானவை, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் மரியாதை. நம் ஊரில் ‘திருப்தி’ என்ற சொல் அதிகம் புழங்குவது பந்தியில்தான். "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று கேட்பவரிடம் "இல்லை, சாம்பாரில் உப்பு கம்மி" என்று யாராவது சொல்வார்களா? வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டாலும் அதே நிலைதான். அடுத்த மாதமும் அவரிடம்தானே போக வேண்டும்! கருத்துக்கணிப்பு நடத்துபவர்கள் இதற்கு ‘மரியாதைச் சாய்வு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேள்வித்தாளை ரிசப்ஷனிலேயே கொடுத்து, நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே நிரப்பச் சொன்னால் இந்தச் சாய்வு இன்னும் கூடும்.

திருப்தியை எப்படி அளக்கிறார்கள்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘நோயாளி திருப்தி’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்கள் உலவுகின்றன.

ஒன்று, சேவை பற்றியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டம் இந்த வகை. மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு எஸ்எம்எஸ், தானியங்கி அழைப்பு, ஆப், இணையதளம் வழியாக உங்கள் அனுபவம் எப்படி என்று கேட்பார்கள். திருப்தி இல்லை என்றால், ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா என்று காரணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச் சான்றிலும் நோயாளி திருப்தி மதிப்பெண் ஓர் அளவுகோல். கழிப்பறை, வரிசை, ஃபேன் ஆகியவற்றைச் சரிசெய்ய இது பயன்படும். உங்கள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அவருக்குப் பொருந்துகிறதா என்பதை இது சொல்லாது.

இன்னொன்று, சிகிச்சை பற்றியது. இதற்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கருவியை லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கிளேர் பிராட்லி 1980-களில் உருவாக்கினார். சுருக்கமாக டிடிஎஸ்கியூ. நீரிழிவு சிகிச்சைத் திருப்திக் கேள்வித்தாள் என்று சொல்லலாம். மொத்தம் எட்டே கேள்விகள். ஆறு கேள்விகள் திருப்தியை அளக்கின்றன: சிகிச்சை மொத்தத்தில் எப்படி, எவ்வளவு வசதியாக இருக்கிறது, அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது, உங்கள் நோயை நீங்கள் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறீர்கள், இதே சிகிச்சையை இன்னொருவருக்குச் சொல்வீர்களா, இதையே தொடர விருப்பமா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 36.

மீதி இரண்டு கேள்விகளை இந்தக் கூட்டலில் சேர்ப்பதில்லை. சமீபத்தில் சர்க்கரை தாங்க முடியாத அளவுக்கு ஏறியதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள், இறங்கியதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்பவை அவை. இங்கே மதிப்பெண் குறைவாக இருந்தால்தான் நல்லது. ஒரு ஆய்வறிக்கை எட்டுக் கேள்வியையும் கூட்டி 48-க்கு மதிப்பெண் போட்டிருந்தால் அதை மூடி வைத்துவிடலாம். கருவியையே சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கேள்வித்தாளில் ஒரு பிரச்சினை சீக்கிரமே தெரிய வந்தது. பழைய சிகிச்சையில் இருக்கும்போதே பலர் 36-க்கு 32, 33 என்று போட்டுவிடுகிறார்கள். புதிய மருந்து கொடுத்த பிறகு நிஜமாகவே மேம்பட்டாலும் மதிப்பெண் ஏற இடமில்லை, கூரை இடிக்கிறது. அதனால் பிராட்லி இரண்டாவது வடிவம் ஒன்றைச் செய்தார். அதே கேள்விகள், ஆனால் ‘முன்பிருந்த சிகிச்சையோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி’ என்று கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை. முதல் கேள்வித்தாளில் ‘ரொம்பத் திருப்தி’ என்று சொன்ன அதே ஆட்கள், இரண்டாவதில் ‘முன்பைவிட இப்போது எவ்வளவோ பரவாயில்லை’ என்கிறார்கள். வேறொன்று கிடைக்கும் என்று தெரியும்வரை, இருப்பதுதான் மனிதர்களுக்குத் திருப்தி.

எனக்குப் பட்டது இது: இந்தியாவில் வெளியாகும் திருப்தி எண்களைப் படிக்கும்போது மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இந்தக் கூரைதான். மாதம் ஒருமுறை வரிசையில் நின்று இரண்டு வகை மாத்திரை வாங்கிக்கொண்டு போகும் ஒருவரிடம் ‘திருப்தியா’ என்று கேட்கும்போது, எதோடு ஒப்பிட்டுப் பதில் சொல்வார்?

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

அந்த எட்டில் ஒன்று கூட செலவு பற்றியது இல்லை. கேள்வித்தாள் பிறந்த இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். இங்கிலாந்தில் பொதுச் சுகாதார அமைப்பில் டாக்டரைப் பார்க்கக் கட்டணமில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணமும் கிடையாது. அங்கே செலவைக் கேட்காவிட்டால் பெரிதாக ஒன்றும் விட்டுப்போகாது.

இந்தியாவில் விட்டுப்போகும். 2021-22 தேசியச் சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4% மக்கள் நேரடியாகத் தங்கள் பாக்கெட்டிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் இது 64.2%. குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் நீங்கள் ஐடி கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்திருந்தாலும், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். மாதா மாதம் வாங்கும் மாத்திரை, டெஸ்ட் ஸ்ட்ரிப், டாக்டர் ஃபீஸ் இவை கைக்காசுதான். வாழ்நாள் முழுக்க.

விலை மாறினால் திருப்தி எப்படி மாறும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தரும். 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாயாக இருந்தது, உள்நாட்டுக் கம்பெனிகள் இறங்கியதும் 10 ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்கத் தொடங்கியது. ரசாயனம் ஒன்றுதான், பலனும் ஒன்றுதான். ஆனால் மாதம் 1,800 ரூபாய் கொடுத்தவருக்கும் 300 ரூபாய் கொடுப்பவருக்கும் ‘இதையே தொடர விருப்பமா’ என்ற கேள்விக்குப் பதில் ஒன்றாகவா இருக்கும்? (நீங்களோ வீட்டில் யாரோ பழைய விலை பிராண்டையே இன்னும் வாங்கிக்கொண்டிருந்தால், மலிவான மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாக மாற்ற வேண்டாம்.)

இன்னொன்றும் அதில் இல்லை: சாப்பாடு. இதற்கு பிராட்லியே தனியாக ஒரு வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் உருவாக்கியிருக்கிறார். வேலை, பயணம், குடும்பம், எதிர்காலம் பற்றிய பயம் என்று பல விஷயங்களில் நோய் எவ்வளவு பாதிக்கிறது என்று அது கேட்கும். பல நாடுகளில் பயன்படுத்திப் பார்த்ததில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வரும் பாதிப்பு, விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரம் போனதுதான். டாக்டர் மேல் முழுத் திருப்தி, மருந்து மேல் முழுத் திருப்தி, ஆனால் பொங்கலன்று பேரன் பேத்தி முன்னால் ஒரு கரண்டிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேதனை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். அதனால்தான் சிகிச்சைத் திருப்தியையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒன்றாகக் குழைக்கக் கூடாது என்கிறார்கள்.

கேட்கப்படாதவர்கள் எங்கே?

டேட்டா பார்ப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் வரும் கேள்விதான், இங்கே இன்னும் கனமாக விழுகிறது. திருப்திக் கணிப்பு எங்கே நடக்கிறது? கிளினிக்கில். கிளினிக்கில் யார் இருப்பார்கள்? வந்தவர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கிளினிக்கில் இந்த ஆண்டு புதிதாக 100 பேர் சேர்கிறார்கள். பணம் கட்டுபடியாகாமல், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், டாக்டர் திட்டினார் என்று, நாட்டு மருந்துக்கு மாறி, ஊர் மாறி 40 பேர் நின்றுவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் மீதி 60 பேரிடம் கேட்டால் 57 பேர் திருப்தி என்கிறார்கள். விளம்பரத்தில் 95% என்று போடலாம், பொய் இல்லை. ஆனால் சேர்ந்த நூறு பேரை வைத்துப் பார்த்தால் 57%. அதிருப்தி அடைந்தவர்கள் புகார் எழுதுவதில்லை. வராமல் போகிறார்கள். அதனால் ஒரு கிளினிக் எவ்வளவு மோசமாக நோயாளிகளை விரட்டுகிறதோ, மிச்சம் இருப்பவர்களின் திருப்தி அவ்வளவு அழகாகத் தெரியவும் வாய்ப்பிருக்கிறது.

கிளினிக்கை விட்டு வெளியே போனால் இன்னும் பெரிய ஓட்டை. 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியர்களைப் பார்த்தது. சர்க்கரை நோய் உள்ள 100 பேரில், தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஏறக்குறைய 52. சிகிச்சையில் இருந்தவர்கள் 40. கட்டுக்குள் இருந்தவர்கள் 25. (மேலே சொன்ன 36.3 சதவீதத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். வயது வரம்பும் வேறு, அளந்த முறையும் வேறு.) சிகிச்சைத் திருப்தி பற்றி எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும், பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த 40 பேர் மட்டுமே. மீதி 60 பேருக்குத் திருப்தியும் இல்லை, அதிருப்தியும் இல்லை. வயது வரம்பைக் கவனித்தீர்களா? 15 முதல் 49. இது அப்பா தலைமுறையின் கதை மட்டுமல்ல.

அப்படியானால் திருப்தியைக் கேட்பதே வீணா?

இல்லை. சர்க்கரை நோயில் டாக்டர் செய்வது கொஞ்சம்தான். ஆண்டுக்கு நான்கு முறை பார்த்தால் அதிகம். மீதி நாளெல்லாம் சிகிச்சையை நடத்துபவர் நோயாளியே. மாத்திரை விழுங்குவது, ஊசி போட்டுக்கொள்வது, நடப்பது, தட்டில் சோற்றைக் குறைப்பது. பிடிக்காத வேலையை யாரும் இருபது வருஷம் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள். திருப்திக்கும் ஹெச்பிஏ1சி-க்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் தென்படுகிறது, ஆனால் அவ்வளவு வலுவாக இல்லை. அதிருப்தியைக் கேட்டு வாங்குவதன் பயன் வேறு: மாத்திரையை நிறுத்தப் போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

அதிருப்திக்கு அடிக்கடி காரணமாக இருந்தும் வாயால் சொல்லப்படாதது ஒன்று உண்டு: லோ சுகர். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் இந்தியாவில் ரொம்பச் சாதாரணம். விலை குறைவு, சர்க்கரையை நன்றாக இறக்கும். மீட்டிங் இழுத்து மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால், தேவைக்கு மேலேயும் இறக்கிவிடும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல். இரண்டு முறை இது நடந்தவர் என்ன செய்வார்? ‘எதுக்கு வம்பு’ என்று பையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு எந்நேரமும் கொறிப்பார், அல்லது மாத்திரையைப் பாதியாக்குவார். ஹெச்பிஏ1சி ஏறும். டாக்டர் டோஸைக் கூட்டுவார். மறுபடி லோ சுகர். இந்தச் சுழலை ஒரே ஒரு கேள்வி உடைக்கும், அது அந்தக் கேள்வித்தாளிலேயே இருக்கிறது: சமீபத்தில் எத்தனை முறை இறங்கியது? சுகரை அவ்வளவாக இறக்காத மாற்று மருந்துகள் இன்று நிறைய இருக்கின்றன. (அவசரத்துக்கு: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.)

ஆனால் கேட்க நேரம் வேண்டுமே. 67 நாடுகளில் பொது மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வில் இந்தியாவின் எண் ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். இரண்டு நிமிடத்தில் ரிப்போர்ட் பார்க்கலாம், சீட்டு எழுதலாம். "சாப்பாட்டு நேரம் மாறுமா, நைட் ஷிஃப்ட்டா?" என்று கேட்க முடியாது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த ‘டான் 2’ ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. நோய் உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று நோயாளியிடம் கேட்பதாக மருத்துவத் துறையினரில் பாதிக்கு மேல் சொன்னார்கள். அப்படி யாரோ தன்னிடம் கேட்டதாகச் சொன்ன நோயாளிகள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். நோவோ நார்டிஸ்க் என்ற இன்சுலின் கம்பெனியின் ஆதரவில் நடந்த ஆய்வு அது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 52,000 பேரின் தரவை வைத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, டாக்டர் மேல் அதிகத் திருப்தி தெரிவித்தவர்களிடம் மருத்துவச் செலவும் அதிகம், இறப்பு விகிதமும் 26% அதிகம் என்றது. அதனால் திருப்திதான் கொல்கிறது என்று அர்த்தமில்லை. இது ஒரு தொடர்பு, காரணம் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும் மதிப்பெண்ணை வைத்து டாக்டருக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கினால், "இன்சுலின் ஆரம்பிக்கணும்" என்ற கசப்பான பேச்சைத் தள்ளிப்போடும் டாக்டருக்குத்தான் அதிக மதிப்பெண் கிடைக்கும் என்ற பயம் நியாயமானது.

புது மருந்தும் திருப்தியும்

வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசிகள் பற்றி நண்பர்கள் வட்டத்தில் பேச்சு அடிபடாத வாரம் இருக்காது. இவற்றின் பெரிய சோதனைகளிலும் டிடிஎஸ்கியூ பயன்பட்டிருக்கிறது, திருப்தி கூடியதாக முடிவுகள் வந்திருக்கின்றன. எடை குறைகிறது, லோ சுகர் குறைவு, தினம் ஊசி இல்லை, கூடத்தான் செய்யும். ஆனால் சோதனையில் பங்கேற்பவர் மருந்துக்குப் பணம் கொடுப்பதில்லை. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று, நான்கு வாரத்துக்கு 14,000. அந்தத் தொகையைச் சொந்தக் காசில் கட்டும் ஒருவரின் திருப்தியை அந்தச் சோதனை அளக்கவில்லை.

சோதனைத் திருப்தியை மட்டும் நம்பியவர்களின் கதை ஒன்று உண்டு. ஊசியே வேண்டாம், மூக்கோ நரம்போ அல்ல, வாய் வழியாக இழுத்தால் போதும் என்று ஃபைசர் கம்பெனி ‘எக்சுபெரா’ என்ற இன்சுலினை 2006-ல் கொண்டு வந்தது. சோதனைகளில் நோயாளிகளுக்கு ஊசியைவிட இதுவே பிடித்திருந்தது. சந்தையில் நடந்தது வேறு. இழுக்கும் கருவி பெரிது, நாலு பேர் முன்னால் எடுக்கக் கூச்சம். விலையும் அதிகம். நுரையீரல் பரிசோதனை வேறு செய்ய வேண்டும். 2007 அக்டோபரில் கடையைக் கட்டினார்கள். நஷ்டக் கணக்கு 280 கோடி டாலர்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

"95% திருப்தி" என்று எங்காவது பார்த்தால்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேரிடம் கேட்டார்கள்? யார் கேட்டது, கிளினிக்கே கேட்டதா? அதே ஆட்களின் ஹெச்பிஏ1சி எவ்வளவு மாறியது, ஓராண்டு கழித்தும் அது நிற்கிறதா? ‘சுகரை ரிவர்ஸ் செய்கிறோம்’ என்ற பேக்கேஜ்களிடம் இதை முதலில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கே பேச்சு மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

வீட்டில் கேட்பதாக இருந்தால் "எப்படி இருக்கு" என்பதை விட்டுவிடுங்கள். "போன மாசம் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் அல்ல. "எப்பவாச்சும் நடுக்கம் வந்துச்சா?" "டாக்டர்கிட்ட கேக்கணும்னு நெனச்சு கேக்காம வந்தது என்ன?" "இந்த வருஷம் உங்க காலைத் தொட்டுப் பார்த்தாங்களா, கண்ணு டெஸ்ட் எடுத்தாங்களா, யூரின்ல புரோட்டீன் பார்த்தாங்களா?" கடைசிக் கேள்விக்கு மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால், டாக்டர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் சிகிச்சையில் ஓட்டை இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய பரிசோதனைகள் அவை.

பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்து, வரிசையில் நிற்பதுதான் அவர்களின் பிரச்சினை என்றால், 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். இன்சுலின் எடுப்பவராக இருந்து வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால், ஈரமணல் வைத்த மண்பானை முறையைப் பற்றி அங்கிருக்கும் நர்ஸிடமே கேட்கலாம்.

அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு: டாக்டரிடம் போவதற்கு முந்தைய நாள் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். லோ சுகர் வந்த நாட்கள், மாத்திரை விட்டுப்போன நாட்கள், மாதச் செலவு. ரிப்போர்ட்டுக்கு மேலே அதைப் பின் பண்ணி வைத்தால் டாக்டர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கும்.